எவ்வளவு கரண்ட் வேண்டும்?

மின்சாரத்தை இனி தனியாரும் உற்பத்தி செய்து விற்கலாம் என்று அரசாங்கம் சொன்ன வருஷங்களில் நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் முதல் பாதி அது. அந்தச் செய்தியை அவரவர் தங்களுக்குத் தோன்றிய மாதிரி புரிந்துகொண்டார்கள். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருந்தவர், இனி கரண்ட் பில் பாதியாகக் குறையும் என்றார். கொரட்டூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, இனிமேல் கரண்ட் கம்பெனிக்காரனே வீடு தேடி வந்து கும்பிட்டு இணைப்புக் கொடுப்பான் என்று நம்பினார். எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் படித்திருந்த எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று வெளியே சொல்லவும் வழியில்லை. அதைப் புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அலுவலகம் என்றால் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் சார், இன்னொன்றில் நான். சார் மின்வாரியத்தில் புது மின்நிலையங்களுக்குத் திட்டம் போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஆலோசனை நிறுவனம் ஆரம்பித்து, படித்து முடித்திருந்த என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார். பழைய வேலையைப் பற்றிக் கேட்டால் அவருக்கு முகம் மலரும். "அதுல என்னம்மா கஷ்டம்? போன வருஷம் எவ்வளவு தேவைப்பட்டுச்சுன்னு பார்ப்போம். அடுத்த வருஷம் கொஞ்சம் கூடும்னு போடுவோம். அதுக்குத் தக்கபடி ஸ்டேஷன் கட்டுவோம். முடிஞ்சுது" என்பார்.

எஸ்டேட் முதலாளிகள் சிலர் ஒன்றுசேர்ந்து, நாமே ஒரு பவர் ஹவுஸ் கட்டிக்கொண்டால் என்ன என்று யோசித்தார்கள். வரிசையாகப் பெரிய டீசல் எஞ்சின்கள். எஸ்டேட்டுக்குப் போக மீதியை வெளியே விற்பது. கோடை வந்தால் மின்வெட்டு, மழை தவறினால் மின்வெட்டு என்று நொந்துபோயிருந்தவர்களுக்கு அது கேட்பதற்கே குளிர்ச்சியாக இருந்தது. எவ்வளவு பெரியதாகக் கட்டுவது, எங்கே கட்டுவது, எந்த நேரத்தில் ஓட்டுவது என்று திட்டம் போடும் பொறுப்பு சாரிடம் வந்தது. முதல் வேலையாக ஒவ்வொரு பட்டறை ஷெட்டுக்கும் போய், "உங்களுக்கு எவ்வளவு கரண்ட் வேணும்?" என்று கேட்டுவர என்னை அனுப்பினார்.

கேள்வி சின்னதாகத்தான் இருந்தது. கேட்கப் போன பிறகுதான் தெரிந்தது, அதற்கு அந்த எஸ்டேட்டில் பதிலே கிடையாது என்று.

அதே எஸ்டேட்டில் என் அப்பாவும் ஒரு மின்உலை ஷெட் வைத்திருந்தார். அதற்கு அடுத்த ஷெட்டில் தகரம் அடிக்கும் பிரஸ் வைத்திருந்த ஒருவர் இருந்தார். கொரட்டூர்க்காரர், என்னைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். அவரிடம்தான் முதலில் போனேன்.

"இன்னாத்துக்கு கேக்குற, அத்த சொல்லு முதல்ல. கட் பண்றதுக்கா, குடுக்கறதுக்கா?" என்றார்.

"குடுக்கறதுக்குத்தாண்ணே."

"அப்டின்னா ரெட்டிப்பா போட்டுக்கோ."

"உண்மையில எவ்வளவு வேணும்ணே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உண்மையா கேட்டா நான் இன்னாத்த சொல்றது?" என்று சொல்லிவிட்டு, பையனிடம் எனக்குக் குடிக்க ஒரு கோல்டு ஸ்பாட் வாங்கிவரச் சொன்னார்.

எல்லா ஷெட்டிலும் இதே கதைதான். வெயிலில் அலைந்து எல்லாவற்றையும் கூட்டினேன். வந்த தொகையைப் பார்த்துவிட்டு சார் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இந்தக் கரண்ட்ல திருவள்ளூர் வரைக்கும் தெருவிளக்கு எரிக்கலாம். இவங்க என்ன, இங்க உருக்காலையா வச்சிருக்காங்க?" என்றார்.

வாய் பொய் சொன்னாலும் மீட்டர் பொய் சொல்லாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. மறுபடியும் போய், பழைய பில்களை வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் ஷெட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்தப் பில் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. இந்தத் தடவை தொகை சிறியதாக வந்தது. ஆனால் அதிலும் ஏதோ இடித்தது. தீபாவளி முடிந்து வேலை மந்தமாக இருக்கும் மாதங்களில் பல ஷெட்டுகளில் கரண்ட் கூடுதலாக எரிந்திருந்தது. பிரஸ்காரரிடம் பில்லைக் காட்டிக் கேட்டேன்.

"மீட்டர பாத்து நம்பிட்டியா? நல்ல பொண்ணும்மா நீ" என்று சிரித்தார். "கட்டு வரும்போது இன்னா பண்றாங்க? போன தபா இவ்ளோ எரிச்சியா, அதுல கால்வாசி கொற, அரைவாசி கொறன்னு கோட்டா போடுறாங்க. சிக்கனமா எரிச்சவன் அதுலயும் கொறைக்கணும். அவன் பொழப்பு நாறிடும். அதான் வேல இல்லாங்காட்டியும் மெஷின சும்மா ஓட்டிகினு கெடப்போம். மீட்டர் ஓடுனா கோட்டா நிக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது, இது எனக்கு முன்பே தெரியும் என்று. அப்பா சில மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களை வீட்டில் விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய் உலையைப் போட்டுவிட்டு வருவார். உள்ளே ஒன்றும் இருக்காது. வெறும் உலை சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருக்கும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயந்திரம் போய் நிறுத்துவார். கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது மாதிரி அதையும் ஒரு கடமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எஸ்டேட் முழுக்க எல்லோரும் வேண்டாத கரண்ட்டை எரித்து வேண்டும் என்று நிரூபித்துக்கொண்டிருக்கும்போது, எந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் தேவையைக் கண்டுபிடிப்பது? எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் உலைப் பிரிவில் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் என்னைப் பெற்று வளர்த்து, ஐம்பது வயதுக்கு முன்னாலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். கிடைத்ததையெல்லாம் போட்டு எஸ்டேட்டில் ஒரு ஷெட் பிடித்து சொந்தமாக ஒரு மின்உலை வைத்தார். மற்ற கம்பெனிகள் செய்த கியர் சக்கரங்களை அந்த உலையில் மணிக்கணக்காகச் சிவக்கக் காய்ச்சி, அப்படியே எண்ணெய்த் தொட்டியில் முக்குவார். அப்போதுதான் இரும்பு கடினமாகும். பாதியில் கரண்ட் போனால் முடிந்தது. அந்தத் தடவை உள்ளே வைத்த லாட் முழுக்க சாஃப்டாகப் போய்விடும். அப்படி ஒரு லாட் போயிருந்தது. அவருக்குப் பெரிய வேலை என்று இருந்தது ஒரே ஒரு கியர் கம்பெனியின் ஆர்டர்தான். இன்னொரு லாட் கெட்டால் ஆர்டரும் போகும், ஆர்டர் போனால் ஷெட்டும் போகும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

அதனால் அந்தப் பவர் ஹவுஸ் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது, "வருமா?" என்று கேட்பார். எது என்று சொல்லமாட்டார். நான், "பார்த்துட்டு இருக்கோம்ப்பா" என்பேன். அம்மா அதற்கும் மேலே போனாள். சாயந்திர ஜெபமாலை முடிந்ததும், எஸ்டேட்டில் பவர் ஹவுஸ் சீக்கிரம் வரவேண்டும் என்று தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல ஆரம்பித்தாள். மாதாவுக்கு டீசல் எஞ்சின் பற்றி என்ன தெரியும் என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திட்டமோ நாளுக்கு நாள் குழம்பிக்கொண்டு போனது. பவர் ஹவுஸுக்குப் பணம் போடத் தயாராக இருந்த கம்பெனியிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். ஒப்பந்தத்தின் மாதிரியை மேஜைமேல் வைத்தார். யாருக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்ததை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதற்கான கட்டணம் உண்டு என்றார். கட்டிய பிறகு யாரும் வாங்காவிட்டால் அவர் என்ன செய்வார்? நியாயம்தான். சார் என்னை மறுபடியும் ஷெட் ஷெட்டாக அனுப்பினார்.

பிரஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். "எடுக்காட்டியும் துட்டு கட்டணுமா?"

"ஆமாண்ணே."

"அப்போ எனுக்கு ஒரே ஒரு டியூப் லைட்டுதாம்மா. மெஷினெல்லாம் சும்மா அழகுக்கு வச்சிகினு கீறேன்."

எஸ்டேட்டே ஒரே வாரத்தில் இருண்டுபோனது. போன தடவை திருவள்ளூர் வரை எரிந்த கரண்ட் இந்தத் தடவை ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூடக் காணாது. ஆட்களும் அவர்களேதான், மெஷின்களும் அவையேதான். கேள்வியைத் திருப்பிப் போட்டதும் பதிலும் திரும்பிக்கொண்டது. இதில் எதை நம்புவது என்று சாரிடம் கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, "ரெண்டையும் கூட்டிப் பாதி போடலாமா?" என்றார். அத்தனை பெரிய மனிதர் அப்படிக் கேட்டது எனக்குப் பயமாக இருந்தது.

சரி, எஸ்டேட் வாங்காவிட்டால் வெளியே விற்போம் என்று அடுத்த யோசனை. அங்கே இன்னும் பெரிய குழப்பம். வெளியே விற்க வாரியத்தின் கம்பி வழியாகத்தான் கரண்ட் போகவேண்டும். கம்பியைத் தருவார்களா, தந்தால் என்ன வாடகை, நம் கரண்ட்டை அவர்களே வாங்கிக்கொள்வார்களா என்று ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விதமாகச் செய்தி வந்தது. ஒருநாள் முடியும் என்பார்கள், மறுநாள் அது நமக்கு இல்லை, பெரிய ஸ்டேஷன்களுக்கு மட்டும் என்பார்கள். சார் பழைய சிநேகிதர்களுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, பேசுவதற்கு முன்னால் இருந்ததைவிடக் குழம்பிய முகத்தோடு வருவார்.

ஒருநாள் மதியம் டீயை வைத்துக்கொண்டு எனக்கு விளக்க முயன்றார். நிறையப் பேர் ஸ்டேஷன் கட்டி விற்க வந்துவிட்டால், வாங்குகிறவன் யாரிடம் முதலில் வாங்குவான்? விலை குறைவாகச் சொல்பவனிடம். அது போதாவிட்டால் அடுத்தவனிடம். நம்முடையது டீசல், விலை கூடுதல். அதனால் கடைசியில்தான் கூப்பிடுவான். சாயந்திரம் ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரத்தில் கூப்பிடலாம். அணையில் தண்ணீர் இல்லாத கோடையில் நாள் முழுக்கக் கூப்பிடலாம். நல்ல மழை பெய்தால் கூப்பிடவே மாட்டான்.

"அப்போ வருஷத்துக்கு எவ்வளவு நேரம் நம்ம எஞ்சின் ஓடும் சார்?"

"அது மத்தவங்க எத்தனை பேர் கட்டுறாங்க, என்ன விலை சொல்றாங்கங்கறதைப் பொறுத்தது."

"அவங்க எத்தனை பேர் கட்டுவாங்க?"

"அது நாம கட்டுறோமா இல்லையாங்கறதைப் பொறுத்தது" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பந்தியில எல்லாரும் பக்கத்து இலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்மா. யாரும் சாப்பிட ஆரம்பிக்கல."

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி அப்பா "வருமா?" என்று கேட்டபோது பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இடையில் இடம் பார்க்கும் கூத்து வேறு. பூந்தமல்லி ரோட்டில் வேலப்பன்சாவடி தாண்டி நூம்பல் பக்கம் ஒரு நிலம் இருக்கிறது என்று சாரும் நானும் அவருடைய ஸ்கூட்டரில் போனோம். நெல் அறுத்த வயல், கொஞ்சம் கருவேல மரம், தூரத்தில் ஒரு சர்ச் கோபுரம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"இன்னா சார், பிளாட் போடுறீங்களா?"

"இல்லப்பா, கரண்ட் தயார் பண்ற ஃபேக்டரி கட்டலாமான்னு பாக்கறோம்."

அவர் நம்பவில்லை. "சும்மா சொல்லாத சார். கிரவுண்டு இன்னா ரேட்டு, அத்த மட்டும் சொல்லு" என்றார். நாங்கள் ஸ்கூட்டரைத் திருப்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்காவது தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய அறிவு என்று சொல்லமாட்டேன். பொறுமை போய்விட்டது, அவ்வளவுதான். யாரையும் கேட்கக்கூடாது. மீட்டரையும் பார்க்கக்கூடாது. அப்போது எஸ்டேட்டில் முறை வைத்து மதியம் கரண்ட்டை நிறுத்துவார்கள். நிறுத்தியதும் ஊரே அடங்கிப்போய், மரத்தில் காக்கை கத்துவது கேட்கும். மறுபடி கரண்ட் வந்த அந்த நிமிஷம், உண்மையாக வேலை இருக்கிறவன் ஓடிப்போய் மெஷினைப் போடுவான். வேலை இல்லாதவன் டீ குடித்து முடித்துவிட்டு மெதுவாக வருவான். அந்த முதல் சத்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. சாரிடம் சொன்னேன். அவர், "போய்க் கேளும்மா, வேற வழியும் இல்ல" என்றார்.

இப்படித்தான் ஒரு மின்நிலையத்துக்கான தேவையைக் காதை வைத்துக்கொண்டு கணக்கெடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு மதியமும் ஒரு தெரு. குடையோடு முனையில் நிற்பேன். கரண்ட் வந்ததும் முதலில் எங்காவது ஒரு கம்ப்ரஸர் டுபடுபவென்று ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு லேத், ஒரு கிரைண்டர். அப்புறம் ஒன்றும் இல்லை. நான் நினைத்ததைவிட அமைதி அதிகமாக இருந்தது. ரெட்டிப்பாகப் போட்டுக்கொள்ளச் சொன்ன பிரஸ்காரரின் மெஷின் கரண்ட் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவர் வாசலில் ஸ்டூல் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் மெஷினைப் போட்டு ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அவருக்கு அடுத்தது அப்பாவின் ஷெட். மின்உலைக்குச் சத்தம் கிடையாது. ஒரு சொடுக்கு, அப்புறம் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். தெருவில் நின்றால் ஒன்றும் தெரியாது. அதனால் உள்ளே போனேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா உலைக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலையாட்கள் இருவரையும் காணவில்லை. கியர்களை அடுக்கி உள்ளே தள்ளும் இரும்புக் கூடைகள் மூலையில் கவிழ்த்துக் கிடந்தன. ஒன்றின்மேல் ஒரு பூனை படுத்திருந்தது. எண்ணெய்த் தொட்டியை மூடி, மேலே சாக்கு போட்டிருந்தது. சாக்கின்மேல் தூசி.

"ஞாயித்துக்கிழமையாப்பா இன்னிக்கு?" என்று கேட்டேன். புதன்கிழமை அது.

அவர் எழுந்திருக்கவில்லை. "வா பாப்பா" என்றார்.

"கியர் லாட் எங்க?"

"அது போயிடுச்சு."

"எப்போ?"

"தவக்காலத்துக்கு முன்னாடியே."

அது ஆகஸ்ட் மாதம், பெசன்ட் நகரில் மாதா திருவிழாவுக்குக் கொடி ஏற்றும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தவக்காலம் முடிந்து ஈஸ்டர் போய், கோடை முழுக்கப் போயிருந்தது. அத்தனை நாளும் அவர் காலையில் டிபன் கேரியரோடு புறப்பட்டு, சாயந்திரம் எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

"கரண்ட் கட்டாலதான போச்சு?" என்று கேட்டேன். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

"ஒரு லாட் கட்டால போச்சு, அது நிஜம். ஆர்டர் அதால போகல. அவங்களே சொந்தமா கேஸ் ஃபர்னஸ் போட்டுக்கிட்டாங்க. இனிமே வெளிய குடுக்கமாட்டாங்க."

"இதை ஏம்ப்பா வீட்ல சொல்லல?"

அப்பா உலையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்ட் இல்லன்னு சொல்றது சுலபம். சொன்னா எல்லாரும் கரண்ட்ட திட்டுவாங்க. வேலை இல்லன்னு சொன்னா என்னையப் பாப்பாங்க."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் அவர்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. "அப்புறம் ஏன் தினம் வருமா வருமான்னு கேட்டீங்க? நான் எவ்வளவு தவிச்சேன் தெரியுமா?"

"வந்துட்டா உங்கம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதாம்மா."

வரவேண்டும் என்று கேட்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பயந்து கேட்டிருக்கிறார். அம்மா மாதாவிடம் மன்றாடிய ஒவ்வொரு சாயந்திரமும் அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்து என்ன நினைத்துக்கொண்டிருப்பார்?

"இந்த வெறும் உலைய ஏன் எரிக்கிறீங்க?"

"கோட்டா போயிடக்கூடாதுல்ல. நாளைக்கு ஒருத்தன் லாட்டோட வந்து நின்னா?"

நான் கேட்கவந்ததைக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வேறு பேச்சு வரவில்லை. "உங்களுக்கு நிஜமா எவ்வளவுப்பா வேணும்? என்ன போடட்டும்?"

அவர் யோசித்தார். பிரஸ்காரர் மாதிரி எதற்கென்று கேட்கவில்லை. "தெரியல பாப்பா. எவனாவது வந்தா முழுசா வேணும். வரலன்னா ஒண்ணும் வேணாம். வருவானா மாட்டானான்னு எனக்குத் தெரியல."

எத்தனையோ ஷெட் ஏறி இறங்கியிருந்தேன். தெரியவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அப்பாதான். சாருக்கும் தெரியாது, டை கட்டியவருக்கும் தெரியாது, அவர்களோடு போட்டியிட ஸ்டேஷன் கட்டவிருந்த யாருக்கும் தெரியாது. எல்லோரும் வராத ஆளுக்காக உலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. அப்பா எழுந்து சுவிட்சை நிறுத்தினார். மின்உலை உடனே ஆறாது. நாங்கள் இரண்டு பேரும் கதவிடுக்கில் சிவப்பு மங்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

காதால் கேட்ட கணக்கைத்தான் கடைசியில் சார் திட்டத்தில் வைத்தார். அப்பாவின் ஷெட்டுக்குப் பூஜ்யம் போட எனக்குக் கை வரவில்லை, அதைச் சாரே போட்டார். டை கட்டியவர் அந்தச் சின்னத் தொகையைப் பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், அப்புறம் வரவில்லை. பவர் ஹவுஸும் வரவில்லை. என் கணக்கால் வரவில்லையா, டீசல் விலையால் வரவில்லையா, கம்பி கிடைக்காததால் வரவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வந்திருந்தால் எஸ்டேட் பிழைத்திருக்குமா, வாங்க ஆளில்லாமல் எஞ்சின்கள் துருப்பிடித்திருக்குமா என்பதையும் யாராலும் சொல்லமுடியாது. அப்பா அடுத்த வருஷம் பூந்தமல்லியில் வேறொருவருடைய உலைக்கு மேற்பார்வைக்குப் போனார்.

வெறும் உலையை நிறுத்திய அந்தப் புதன்கிழமை நாங்கள் இருவரும் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறி ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். வழியில் அவர் எதுவும் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அம்மா வாசலிலேயே வழக்கமான கேள்வியோடு நின்றாள். "இன்னிக்கும் கரண்ட் போச்சா?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன்.

"கரண்ட் இருந்துச்சு" என்றார். "வேலைதான் இல்ல."

"இன்னிக்கு இல்லையா?"

"ரொம்ப நாளா இல்ல."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. அவர் கையிலிருந்த டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "எஸ்டேட் முழுக்க வெயில்ல அலைஞ்சு யாருக்கு என்ன வேணும் வேணும்னு கேட்டியேடி," என்றாள். "இந்த மனுஷன ஒரு வார்த்தை கேக்கலியா?"